ஆர்தர் லோ: ஒரு சீன் ஆளா வந்து கேப்டன் ஆனவர் (விவாத இழை)

கூவம்கரை

போன வாரம் கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ் மூணாவது தடவையா பாத்தேன், அதான் அலெக் கின்னஸ் எட்டு வேஷம் கட்டுன 1949 படம். எல்லாரும் கின்னஸைப் பத்தியே பேசுவாங்க, நானும் ரெண்டு தடவை அவரைத்தான் பாத்தேன். இந்த தடவை கண்ணு கடைசி சீன்ல நின்னுடுச்சு. டென்னிஸ் ப்ரைஸ் விடுதலையாகி ஜெயில் வாசல்ல நிக்கிறான், ரெண்டு வண்டில ரெண்டு பொண்ணுங்க காத்திருக்காங்க, எந்த வண்டில ஏறுறதுன்னு யோசிச்சுட்டு இருக்கும்போது குள்ளமா ஒருத்தர் குறுக்க வர்றாரு. பத்திரிகைக்காரர். உங்க வாழ்க்கைக் கதையை எங்களுக்குக் குடுப்பீங்களான்னு பவ்யமா கேக்குறாரு. அவ்ளோதான் ரோல், முழுசா ஒரு நிமிஷம் கூட இருக்காது. ஆனா அந்தக் கேள்வியிலதான் ஹீரோவுக்குத் தூக்கிவாரிப் போடுது, ஏன்னா பண்ணின கொலை எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எழுதிவச்ச நோட்டை செல்லுக்குள்ளயே விட்டுட்டு வந்துட்டான்.

அந்தப் பத்திரிகைக்காரர்தான் ஆர்தர் லோ. கொஞ்சம் கூட நடிக்கிற மாதிரியே இல்ல. நெஜமா ஒரு ரிப்போர்ட்டர் ஷூட்டிங்குக்குள்ள தெரியாம நுழைஞ்சுட்ட மாதிரி இருக்கு.

1915ல டெர்பிஷயர்ல ஹேஃபீல்டுங்கற ஊர்ல பொறந்தவர், அப்பா ரயில்வேல வேலை, வளந்தது மான்செஸ்டர் பக்கம். கப்பல்ல போகணும்னு ஆசை, கண்பார்வை சரியில்லன்னு கழட்டிவிட்டுட்டாங்க. அப்புறம் யுத்தம், பட்டாளம், மத்திய கிழக்குல போஸ்டிங், அங்க சிப்பாய்ங்களுக்காக நாடகம் போடும்போதுதான் இந்தப் பைத்தியம் புடிச்சிருக்கு. 1945ல மான்செஸ்டர் ஹல்ம் ஹிப்போட்ரோம்ல தொழில்முறை நடிகரா சேரும்போது வயசு முப்பதைத் தொட்டாச்சு. அந்தக் காலத்து ரெபர்டரி கம்பெனின்னா வாரத்துக்கு ஒரு நாடகம், சாயங்காலம் இந்த வார நாடகத்தை நடிச்சுக்கிட்டே பகல்ல அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, அதுலயே ஆளு பழுத்துடுவான். அதுக்கப்புறம் பத்து பதினஞ்சு வருஷம் கடைக்காரர், குமாஸ்தா, அதிகாரின்னு ஒரு சீன் ஆளாவே ஓடியிருக்கு. இங்க யாராவது இவர் படங்களை வரிசையா பாத்திருக்கீங்களா? பேசலாம் வாங்க.

திருட்டுடிக்கெட்

யோவ் ஸ்பாய்லர்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல?

கூவம்கரை

75 வருஷத்துக்கு மேல ஆச்சு தல, இன்னும் எத்தனை நாள் பொத்திப் பொத்தி வைக்கிறது. சரி மன்னிச்சுக்கோங்க. அது தெரிஞ்சு பாத்தாலும் படம் நல்லாத்தான் இருக்கும்.

மதுரைக்காரன்85

இவர்தானே டாட்ஸ் ஆர்மில வர்ற கேப்டன் மெயின்வேரிங்? யூடியூப்ல துண்டு துண்டா பாத்திருக்கேன், சிரிப்பு வருது ஆனா எதுக்கு சிரிக்கிறோம்னு சில எடத்துல பிடிபடல. வயசான ஆளுங்க எல்லாம் மிலிட்டரி டிரஸ் போட்டுட்டு சர்ச் ஹால்ல என்ன பண்றாங்க? யாராச்சும் கொஞ்சம் விளக்குங்கப்பா

வெம்ப்ளி அண்ணை

வணக்கம். முதல்ல ஒரு திருத்தம் தம்பி, அது மெயின்வேரிங் இல்லை, மேனரிங். எழுதுறது ஒரு விதம் வாசிக்கிறது ஒரு விதம், இங்கத்தைய பேர்கள் கனக்க அப்பிடித்தான். நானும் வந்த புதிசில பிழையாச் சொல்லி வேலையிடத்தில சிரிச்சவங்கள்.

கதை இதுதான். 1940 மே 14ம் திகதி, ஜேர்மன்காரன் எந்த நேரமும் கடல் தாண்டி இறங்கலாம் எண்ட பயத்தில யுத்த மந்திரி அந்தோனி ஈடன் ரேடியோவில வந்து, பட்டாளத்தில இல்லாத 17 தொடக்கம் 65 வயது வரையான ஆம்பிளையள் ஊர்க்காவலுக்கு வாங்கோ எண்டு கேட்டவர். அதுதான் பிறகு ஹோம் கார்ட் ஆனது. தொடக்கத்தில ஒழுங்கான துவக்கும் இல்லை, உடுப்பும் இல்லை, கையில ஒரு பட்டி மட்டும்தான். 44 டிசம்பரில அவையின்ரை வேலையை நிப்பாட்டிப்போட்டாங்கள். ஜிம்மி பெர்ரி எண்டவர் பொடியனா இருக்கேக்க அதில இருந்தவர், அந்த ஞாபகத்தை வச்சு டேவிட் க்ரொஃப்டோட சேர்ந்து எழுதின தொடர்தான் டாட்ஸ் ஆர்மி. 1968 தொடக்கம் 77 வரைக்கும் 80 எபிசோட். வோல்மிங்டன் ஒன் ஸீ எண்டு இல்லாத ஒரு கடற்கரை ஊர். வங்கி மனேஜர் தானே கேப்டன், அவற்றை தலைமைக் கிளார்க் சார்ஜன்ட், கசாப்புக் கடைக்காரர் கோர்ப்பரல், பிரேதப்பெட்டிக் கடைக்காரர், சின்னக் கிளார்க் பொடியன் எண்டு ஊரே அதுக்குள்ள.

நான் 90ல லண்டன் வந்தனான். சனிக்கிழமை பின்னேரத்தில பிபிசி டூவில திரும்பத் திரும்பப் போகும். எங்கட அப்பா ஊரில வங்கி மனேஜரா இருந்து ஓய்வெடுத்தவர், இங்கிலீசு தெரியும் ஆனா இவங்கட கதை வேகமா வரேக்க முழுக்கப் பிடிபடாது, எண்டாலும் விடாமப் பார்ப்பார். ஒருநாள் சொன்னார், 'இந்தாள் நடிக்கேல்லையடா, உண்மையான மனேஜர்தான், கண்ணாடியைச் சரிசெய்யிற விதத்தைப் பார்.' எனக்கு அதுக்குப் பிறகு லோவின்ரை கண்ணாடிதான் கண்ணில நிக்கும்.

லென்ஸ் கண்ணன்

அண்ணை சொன்னது அருமை. ஆனா நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. லோ நல்ல நடிகர்தான் இல்லேங்கல, ஆனா ஒரே ஆளைத்தான் வாழ்க்கை பூரா நடிச்சாரு. டாட்ஸ் ஆர்மிக்கு முன்னாடி 1960லேர்ந்து 65 வரைக்கும் கோரொனேஷன் ஸ்ட்ரீட்ங்கற டிவி தொடர்ல லியனார்ட் ஸ்விண்ட்லின்னு ஒரு ரோல், துணிக்கடை மேனேஜர், சர்ச்ல பிரசங்கம் பண்றவர், தான் பெரிய ஆளுன்னு நெனப்பு. கல்யாணம் வரைக்கும் வந்து பொண்ணு எமிலி கடைசி நேரத்துல மாட்டேன்னுடுவா. அந்த ஸ்விண்ட்லியோட கோட்டைக் கழட்டிட்டு காக்கி மாட்டுனா மேனரிங். அதுல எங்க நடிப்பு? ஜான் லெ மெஷரியரைப் பாருங்க, சார்ஜன்ட் வில்சனா ஒண்ணுமே பண்ணாம ஓரமா நின்னுட்டு, தொப்பியைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சுக்கிட்டு, 'இது புத்திசாலித்தனமா சார்'னு ஒரு லைன் பூ மாதிரி போடுவாரு, சீனே அவர் பக்கம் சாஞ்சிடும். நூறு படத்துக்கு மேல நடிச்சவர், 1971ல டென்னிஸ் பாட்டர் எழுதின ட்ரெய்டர்ங்கற டிவி நாடகத்துல ரஷ்யாவுக்கு ஓடிப்போன உளவாளியா நடிச்சு பாஃப்டாங்கற பிரிட்டிஷ் விருது வாங்கினாரு. என் ஓட்டு அவருக்குத்தான்.

கூவம்கரை

கண்ணன், ஒரே ஆளைத்தான் நடிச்சாருன்னு சொல்றவங்க எல்லாரும் 1975 கிறிஸ்மஸுக்கு வந்த எபிசோடைப் பாக்கணும். மேனரிங்கோட அண்ணன் பேரி வருவான், ஊர் ஊரா சாமான் விக்கிற குடிகாரன். அப்பா விட்டுட்டுப்போன கடிகாரத்தைக் கேட்டு நிப்பான். ரெண்டு பேருமே லோதான். அதே உயரம் அதே தொந்தி அதே முகம், ஆனா பேரி வந்து நிக்கும்போது இது வேற ஆளுடான்னு ஒடனே தெரியுது. மூக்கு கொஞ்சம் செவப்பு, மீசை வேற மாதிரி, அது மேக்கப்பு சரி, ஆனா தோள் தளர்ந்துபோய் சிரிப்புலயே ஒரு கசப்பு வச்சிருப்பான் பாருங்க அதை மேக்கப் போடுறவரா பண்ணினாரு? தம்பி கேப்டனா வெறப்பா நிக்கிறது எல்லாம் இந்த அண்ணன் மாதிரி ஆயிடக்கூடாதுங்கற பயத்துலதான்னு அரைமணி நேரத்துல புரிஞ்சிடும், அதை யாரும் வாயால சொல்லமாட்டாங்க.

டிவிக்கு வெளிய பாத்தாலும் லிண்ட்சே ஆண்டர்சன் மாதிரி ஒரு முசுடு டைரக்டர் 1963 திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்லேர்ந்து 82 பிரிட்டானியா ஹாஸ்பிடல் வரைக்கும் நாலு படத்துல திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்காரு. 74ல நேஷனல் தியேட்டர்ல ஷேக்ஸ்பியரோட டெம்பெஸ்ட், கில்குட் ப்ராஸ்பெரோ, இவர் குடிகார ஸ்டெஃபானோ. அதே வருஷம் டிவில டிக்கென்ஸ் கதைல வர்ற மிக்காபரும் பண்ணினாரு, விஞ்ஞானி லூயி பாஸ்டரும் பண்ணினாரு. ஒரே ஆளாம்ல!

வானதி மேடைமூலை

ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, எனக்கு ரெண்டு பேரும் வேணும்.

நான் பதினஞ்சு வருஷமா அமெச்சூர் நாடகம் போடுறவ, அந்தக் கண்ணுல ஒண்ணு சொல்றேன். பட்டாளம்னா கேப்டன் பெரிய எடத்துப் புள்ளை, சார்ஜன்ட் சாதாரணக் குடும்பம், அதுதான் வழக்கம். இவங்க அதைத் தலைகீழா மாத்துனதுதான் அந்தத் தொடரோட உயிரு. கேப்டன் முட்டி மோதி மேல வந்தவர், சார்ஜன்ட் பெரிய ஸ்கூல்ல படிச்ச வழுவழு மனுஷன். ஒரு எபிசோட்ல வில்சனோட சொந்தக்காரர் யாரோ செத்துப்போனதுல வில்சனுக்கு 'ஹானரபிள்'னு பிரபு வீட்டுப் பட்டம் வந்துடும், கோல்ஃப் கிளப்புல ஒடனே இடம் கெடைச்சிடும், மேனரிங் வருஷக்கணக்கா அந்தக் கிளப்புக்கு முயற்சி பண்ணிட்டு இருப்பாரு. லோ முகத்தை அப்ப பாருங்க. கோவம் வருது, கோவம் வர்றது அசிங்கம்னு தெரியுது, மறைக்கப் பாக்குறாரு, முடியல. கன்னம் ரெண்டும் மெதுவா உப்புது. சிரிச்சுட்டே இருக்கும்போது வயித்துல ஏதோ பண்ணும்.

இதுல இன்னொரு வேடிக்கை, நெஜ யுத்தத்துல லெ மெஷரியர்தான் கேப்டன், டேங்க் ரெஜிமென்ட், 43லேர்ந்து யுத்தம் முடியிற வரைக்கும் இந்தியாவுலதான் இருந்தாரு. லோ சார்ஜன்ட் மேஜர். அங்கயும் தலைகீழ்.

மதுரைக்காரன்85

அடேங்கப்பா. இந்தியாவுலயா! அப்ப நம்மூர் வெயில்ல வெந்துதான் அந்த சோம்பல் முகம் வந்துச்சு போல

பழையரீல்

லோ எப்படி இந்த ரோலுக்கு வந்தாருங்கறதும் நல்ல கதை. முதல்ல தோர்லி வால்டர்ஸ்னு ஒருத்தர்கிட்ட கேட்டாங்க, அவர் வேணாம்னுட்டாரு. ஜான் பெர்ட்வீ பேரும் அடிபட்டுச்சு. லோவைச் சொன்னது ஜிம்மி பெர்ரி. பிபிசி காமெடி தலைவர் மைக்கேல் மில்ஸுக்கு ஆளு யாருன்னே தெரியல, அவர் நமக்கு வேலை செய்யற ஆள் இல்லையேன்னாராம், ஏன்னா லோ அதுவரைக்கும் போட்டி சேனல் ஆளு. சரின்னு பேச வரச்சொன்னா, வந்த மனுஷன், இது ஹ்யூ அண்ட் ஐ மாதிரி அசட்டு நிகழ்ச்சியா இருக்காதுன்னு நம்புறேன், அதை என்னால சகிக்கவே முடியாதுன்னு சொல்லியிருக்காரு. அந்த ஹ்யூ அண்ட் ஐயைத் தயாரிச்சவரே எதிர்ல உக்காந்திருந்த க்ரொஃப்ட். வேற ஒருத்தனா இருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும், இவங்க, ஆஹா இவன்தான்டா நம்ம கேப்டன்னு முடிவு பண்ணிட்டாங்க போல. அப்ப லோவுக்கு 52 வயசு. 70கள்ல ஒரு கட்டத்துல ஒரு கோடியே எண்பது லட்சம் பேர் வரைக்கும் பாத்த தொடர் அது.

லென்ஸ் கண்ணன்

வசனம் மனப்பாடம் பண்ணமாட்டாருன்னு படிச்சிருக்கேனே, அதுக்கு என்ன சொல்றீங்க? லொகேஷன்ல எல்லாரும் இவருக்காகக் காத்துக் கெடப்பாங்களாம். ரெண்டு ஸ்கிரிப்ட் அனுப்புங்க, ஒண்ணைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கட்டும், தூக்கத்துலயாவது மண்டைக்குள்ள ஏறட்டும்னு க்ரொஃப்ட் கிண்டல் பண்ணின கதை ஒண்ணு உண்டு. உங்க அமெச்சூர் குழுவுல இப்படி ஒருத்தர் வந்தா விடுவீங்களா வானதி?

வானதி மேடைமூலை

விடமாட்டேன் :) எங்க குழுவுல அப்படி ஒருத்தர் இருந்தாரு, பேரெல்லாம் வேணாம், மேடைல வசனம் மறந்து என் புடவை முந்தானையைப் பாத்துட்டே நின்னாரு, நான்தான் அவர் வசனத்தையும் சேத்துப் பேசித் தொலைச்சேன்.

ஆனா லோ கிட்ட அந்தத் தடுமாற்றம் கூட வேலை செஞ்சுது. அடுத்த வார்த்தையைத் தேடுறப்ப மேனரிங் திணர்ற மாதிரியே இருக்கும், அந்த ரோலுக்கு அது பொருந்திப்போச்சு. வேற ரோலா இருந்தா மாட்டியிருப்பாரு, அதை ஒத்துக்கறேன்.

திருட்டுடிக்கெட்

அந்த பைக் சீனைப் பத்தி யாருமே சொல்லலையே?? அதுக்காகத்தான் இந்தப் பக்கம் வந்தேன்

கூவம்கரை

சொல்றேன் சொல்றேன், ஸ்பாய்லர் பரவால்லையா? 1973 எபிசோடு. மூழ்கின ஜெர்மன் நீர்மூழ்கிலேர்ந்து புடிபட்ட ஆளுங்களை ராத்திரி சர்ச் ஹால்ல காவல்ல வச்சிருக்காங்க. அவங்க கேப்டன் ஃபிலிப் மேடாக், ஆளு கல்லு மாதிரி. சாப்பாடு வாங்கித் தர்றோம்னா, சிப்ஸ் நமுத்துப்போய் இருக்கக்கூடாது, மொறுமொறுன்னு வேணும்னு கைதி ஆர்டர் போடுவான். எதிர்த்துப் பேசுற ஒவ்வொருத்தன் பேரையும் ஒரு நோட்டுல எழுதிக்கிறான், நாங்க ஜெயிச்சதும் கணக்குத் தீப்போம்னு. அப்ப அந்தச் சின்னப் பையன் பைக் (நம்ம ஹோண்டா இல்லைங்க, பேரே அதான்) ஹிட்லரைக் கிண்டல் பண்ணிப் பாடுவான். உன் பேரும் லிஸ்ட்ல வருது, பேரென்னன்னு அதட்டுவான் ஜெர்மன்காரன். மேனரிங் பட்டுனு குறுக்க வந்து, 'அவன்கிட்ட சொல்லாதே, பைக்!'

எத்தனை தடவை பாத்தாச்சு. இதுல கவனிக்க வேண்டியது, லோ அந்த லைனைக் காமெடியா சொல்லல. பையனைக் காப்பாத்தணும்ங்கற அவசரம் மட்டும்தான் குரல்ல இருக்கு. கொஞ்சம் கண்ணடிச்சு, கொஞ்சம் நிறுத்திச் சொல்லியிருந்தா ஒரு சுமார் ஜோக்காப் போயிருக்கும். எனக்கு லோ பத்தி இருக்கறது மொத்தமா இந்த ஒண்ணுதான், மேனரிங்குக்குத் தான் காமெடியன்னு தெரியாது, லோ அதை அவனுக்குத் தெரியவே விடமாட்டாரு.

பழையரீல்

அதே எபிசோட்ல இன்னொண்ணு. வெடிகுண்டை மேனரிங் பேண்ட்டுக்குள்ள போடுற மாதிரிதான் முதல்ல எழுதியிருந்தாங்க. லோ ஒரே பிடியா மாட்டேன்னுட்டாரு. பேண்ட் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் நான் வரமாட்டேன்னு ஒப்பந்தத்துலயே ஷரத்து வச்சிருந்தாருன்னு கூட சொல்வாங்க. கடைசில குண்டு கோர்ப்பரல் ஜோன்ஸ் பேண்ட்டுக்குள்ள போச்சு. ஜோன்ஸா நடிச்ச க்ளைவ் டன்னுக்கு தொடர் ஆரம்பிச்சப்ப 48 வயசுதான், எழுபது வயசுக் கெழவனா துள்ளித் துள்ளி நடிப்பாரு, அவருக்கு குண்டு போட்டா குஷி.

லென்ஸ் கண்ணன்

அது வெறும் பந்தா இல்லையா? நடிகன்னா எதுக்கும் ரெடியா இருக்கணும்.

வானதி மேடைமூலை

பந்தாவும் இருக்கலாம், ஆளு நெஜத்துலயும் கொஞ்சம் மேனரிங்தான்னு கூட நடிச்சவங்களே சொல்லியிருக்காங்க. ஆனா அவர் பண்ணினது சரின்னுதான் எனக்குப் படுது. மேனரிங்கோட முழு சொத்தே அந்த கௌரவம்தான். பேண்ட் அவுந்துடுமோன்னு இருக்கற வரைக்கும்தான் சிரிப்பு, அவுந்துட்டா முடிஞ்சுது, அடுத்த வாரம் எதைக் காட்டுவீங்க? பொண்டாட்டி எலிசபெத்தைக் கூட கடைசி வரைக்கும் காட்டவே இல்லையே. பங்கர்ல மேல் கட்டில் அமுங்கி இவர் மூக்கு வரைக்கும் எறங்கும், அவ்ளோதான் அந்தம்மா.

இடதுசாரி டீக்கடை

எல்லாம் சரி தோழர்களே, ஓ லக்கி மேன் பத்தி ஏன் மூச்சு விடல? 1973ல லிண்ட்சே ஆண்டர்சன் படம், லோவுக்கு பாஃப்டா துணை நடிகர் விருது வாங்கித் தந்தது அதுதான். அதுல மூணு ரோல், அதுல ஒண்ணு முகத்துல கருப்பு பூசிக்கிட்டு டாக்டர் முண்டான்னு ஆப்பிரிக்க சர்வாதிகாரி. இன்னிக்குப் பாத்தா நெளியத்தான் வேண்டியிருக்கு.

கூவம்கரை

நெளிஞ்சேன் தோழர், மறைக்கல. ஆண்டர்சன் ஒரே நடிகர்களை வெவ்வேற ரோல்ல வெவ்வேற வர்க்கத்துல போட்டுக் காட்டுனது படத்தோட உத்தி, சுரண்டுறவனுக்கு எல்லா எடத்துலயும் ஒரே முகம்ங்கற மாதிரி. ஆனா அதுக்கு அந்த மேக்கப் தேவைப்படல, அந்த ரோலை ஒரு கருப்பின நடிகர் செஞ்சிருக்கணும். நம்ம ஆளுக்குக் கெடைச்ச பெரிய விருது அந்தப் படத்துக்குங்கறது ஒரு உறுத்தல்தான். அதுக்குப் பதிலா 1972 தி ரூலிங் கிளாஸ் பாருங்க, பிரபு வீட்டு பட்லர் டக்கர், முதலாளி செத்ததும் உயில்ல பணம் வந்துடும், ஆனா வேலையை விடாம அங்கயே இருந்துக்கிட்டு இத்தனை வருஷம் விழுங்கின கெட்ட வார்த்தையெல்லாம் துப்புவான், கேட்டா கம்யூனிஸ்டும்பான். உங்களுக்குப் புடிக்கும்.

இடதுசாரி டீக்கடை

பட்லர் கம்யூனிஸ்டா, இன்னிக்கு ராத்திரியே பாக்குறேன்

மதுரைக்காரன்85

கடைசி காலம் எப்படி? பணம் காசு பாத்தாரா?

பழையரீல்

பாத்தாரு. 68லயே ஆமசான்னு 1885ல கட்டுன பழைய நீராவிப் படகு ஒண்ணை வாங்கி சரிபண்ணி வச்சுக்கிட்டாரு, கப்பல் வேலைக்குக் கண்ணு சரியில்லன்னு கழட்டிவிட்ட பையன் பாருங்க. குழந்தைங்களுக்கு மிஸ்டர் மென் கார்ட்டூனுக்குக் குரல் குடுத்தாரு, அங்க ஒரு தலைமுறைக்கு அவர் முகமே தெரியாது, குரல் மட்டும் தெரியும். ஒடம்புதான் ஒத்துழைக்கல, உக்காந்த எடத்துல தூங்கிடுற வியாதி வேற.

1982 ஏப்ரல் 14, பர்மிங்ஹாம். மத்தியானம் டிவில நேரலைப் பேட்டி குடுத்தாரு. சாயங்காலம் அலெக்ஸாண்ட்ரா தியேட்டர்ல ஹோம் அட் செவன்னு நாடகம், மனைவி ஜோன் கூப்பரும் அதே குழுவுல. மேடையேறுறதுக்கு முன்னாடி ஒப்பனை அறைலயே ஸ்ட்ரோக் வந்து சாஞ்சுட்டாரு, மறுநாள் விடியக்காலைல ஆஸ்பத்திரில போயிட்டாரு. 66 வயசு. அடக்கத்துக்கு மனைவி போகல, நாடகம் பெல்ஃபாஸ்ட்டுக்குப் போயிருந்துது, அவங்க மேடைல நின்னாங்க.

வானதி மேடைமூலை

அந்தம்மா போகாததை நிறைய பேர் குறையா சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல. வாரத்துக்கு ஒரு நாடகம் போட்ட காலத்துல பழகி, 48ல கட்டிக்கிட்டவங்க. அவங்களுக்கு வீடுன்னா அதான்.

லென்ஸ் கண்ணன்

சரி ஒத்துக்கறேன், பேரி எபிசோடு நேத்து பாத்தேன். கூவம்கரை சொன்னது நெஜம், அந்த அண்ணன் கெளம்பிப் போற எடத்துல நான் சிரிக்கல. ஆனாலும் சாவுல என் ஆளுதான் ஜெயிச்சாரு. லெ மெஷரியர் 83 நவம்பர்ல போனாரு, தன் மரண அறிவிப்பைத் தானே எழுதிவச்சிட்டுப் போயிட்டாரு, டைம்ஸ்ல வந்துச்சு: ஜான் லெ மெஷரியர் நவம்பர் 15 அன்னிக்கு மண்டையைப் போட்டுட்டார்னு தெரிவிச்சுக்கறார், குடும்பத்தையும் நண்பர்களையும் ரொம்பத் தேடுறார்னு. சார்ஜன்ட் வில்சனே எழுதின மாதிரி இல்ல?

வெம்ப்ளி அண்ணை

அது வடிவான அறிவிப்பு கண்ணன். நான் ஒரு விசயம் சொல்லிப்போட்டுப் போறன். தொடரின்ரை வெளிப்புறக் காட்சியள் நோர்ஃபோக்கில தெட்ஃபோர்ட் பக்கம்தான் எடுத்தவங்கள், அங்க 2010ல மேனரிங்குக்கு ஒரு வெண்கலச் சிலை வச்சிருக்கினம், வாங்கில இருக்கிற மாதிரி, பக்கத்தில ஆக்கள் இருந்து படம் எடுக்கலாம். அப்பா இருக்கேக்க ஒருக்கா கூட்டிக்கொண்டு போனனான். படம் எடுப்பம் எண்டு சொல்ல, மனுசன் முதல்ல சட்டைப் பொத்தானைப் பூட்டி, தலையை வாரி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, சிலைக்கு ஒரு முழம் தள்ளி நிமிர்ந்து இருந்தார். கிட்டப் போங்கோ அப்பா எண்டன். 'மனேஜருக்குப் பக்கத்தில இடிச்சுக்கொண்டு இருக்கேலாது' எண்டு சொல்லிப்போட்டார்.

மதுரைக்காரன்85

அண்ணே அந்த போட்டோ இருந்தா போடுங்க, மெயின்வேரிங் பக்கத்துல உங்க அப்பாவைப் பாக்கணும்

வெம்ப்ளி அண்ணை

மேனரிங் தம்பி, மேனரிங்.